சேரட்டுமா, அம்மா?



போன மாதம் உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பல வருடங்களாக நம் இதழைப் படிப்பவர். வழக்கமாகச் சமையல் குறிப்புதான் அனுப்புவார். இந்த முறை இரண்டே பத்தி.

அவருடைய மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். டிரெய்னியாக இருந்து இப்போதுதான் பெர்மனென்ட் ஆகியிருக்கிறான். அங்கே தொழிலாளர்கள் சங்கம் ஆரம்பிக்கிறார்களாம், கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார்களாம். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன், சாப்பிட உட்கார்ந்தபடியே, "சேரட்டுமா அம்மா?" என்று கேட்டிருக்கிறான். "எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. வேலை போய்விட்டால் வீட்டு லோனை யார் கட்டுவது? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

இந்தக் கடிதத்தைப் பத்து நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன். தனியாகப் பதில் எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காஞ்சிபுரத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் சுற்றி இன்று எத்தனை வீடுகளில் இந்தக் கேள்வி சோற்றுத் தட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது! அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நமக்கு ஏன் சங்கம் என்றால் பயம்? டிவியில் நாம் பார்ப்பது ஸ்ட்ரைக் நடக்கும் நாளை மட்டும்தான். கேட்டுக்கு வெளியே பந்தல், கொடி, போலீஸ் வேன், சஸ்பெண்ட் ஆர்டர். பெற்ற வயிறு கலங்காதா? கலங்கத்தான் செய்யும். அந்தத் தாயை நான் ஒரு வார்த்தையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். பி.எஃப். கணக்கு, இ.எஸ்.ஐ. கார்டு, சம்பளச் சீட்டு, மருமகளின் பிரசவ விடுப்பு உத்தரவு, எல்லாம் அங்கேதான் இருக்கும். அவை தானாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அது மட்டும் தானாக வந்ததா? பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே என்ற மனிதர் வருடக்கணக்கில் மனு எழுதி, கூட்டம் போட்டு, 1890-ல் வாங்கிக் கொடுத்தது அந்த ஞாயிறு. நம் தூத்துக்குடியில் 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். தொழிலாளர்கள் கேட்டதும் கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறைதான். வ.உ.சி.யைக் கப்பல் ஓட்டிய தமிழன் என்று பள்ளியில் படிக்கிறோம். மில் தொழிலாளியின் லீவு நாளுக்காக நின்றதையும் சேர்த்துப் படித்தால் என்ன?

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சென்னை பெரம்பூர். அங்கே பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கை கழுவி, வரிசையில் நின்று, வாங்கி, விழுங்கி, மறுபடி ஓடி உள்ளே போக வேண்டும். தாமதமானால் கூலியில் பிடித்தம். மில்லுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார் இதைத் தினமும் பார்த்தார். அவரும் ராமானுஜுலு நாயுடுவும் அங்கே ஒரு பக்தி சபை நடத்திவந்தார்கள். பஜனைக்கும் பிரசங்கத்துக்கும் வந்து உட்கார்ந்த தொழிலாளர்கள் தங்கள் பசியையும் அங்கேதான் சொல்லி அழுதார்கள். செட்டியார் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஆட்களைத் தேடிப் போனார். பி.பி. வாடியா வந்தார், திரு.வி.க. வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு குறிப்பது இதைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்ற குறையிலிருந்து முளைத்தது அந்தச் சங்கம். மகனுக்கு டிபன் கட்டும் எந்த அம்மாவுக்கும் அந்தக் குறை புரியாதா?

திரு.வி.க.வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. அவரும் பத்திரிகை ஆசிரியர், எங்கள் ஜாதி! 'தேசபக்தன்', பிறகு 'நவசக்தி'. பகலில் தலையங்கம், மாலையில் தொழிலாளர் கூட்டம் என்று வாழ்ந்தவர். 1925 நவம்பரில் நம் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு நடந்தது. வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படவில்லை என்று பெரியார் வெளியேறிய மாநாடு என்றுதான் அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அன்று தலைமை நாற்காலியில் இருந்தவர் திரு.வி.க. பெரம்பூர் மில் வாசலில் நின்றவரின் குரல் நம் ஊரிலும் ஒலித்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் பெருமை.

அந்தப் பெரம்பூர் சங்கத்துக்கு வந்த சோதனை சாதாரணமானதில்லை. வேலைநிறுத்தத்தைத் தூண்டி நஷ்டம் உண்டாக்கினார்கள் என்று சங்கத் தலைவர் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் மில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை உத்தரவும் வாங்கியது. சங்கத் தலைவர்கள் தங்கள் சொந்தக் கையிலிருந்து நஷ்ட ஈடு கொடுக்க வேண்டுமென்றால் யார் முன்வருவார்கள்? அந்த வழக்கைப் பார்த்துத்தான் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் பாதுகாப்புக் கேட்டார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று சங்கம் வைப்பது சட்டப்படியான உரிமை என்கிறோமே, அந்த உரிமைக்குக் காரணமான வழக்கு நம் சென்னை வழக்கு.

ஒரு வேதனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1921-ல் அதே மில்லில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஒரே தறிக் கூடத்தில் நின்றவர்கள் தெருவுக்கு வந்ததும் வேறு வேறு ஆனார்கள். சங்கத்தின் நல்லதைச் சொல்லும் யாரும் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு வருடம் கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டம் நடத்தினார். செங்கொடிக்குத் துணி கிடைக்காமல் மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கொடியாக்கினார் என்று சொல்வார்கள். புடவை ஊரில் உட்கார்ந்து இதை எழுதும்போது அந்தக் கதை மனதில் தைக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரத்தில் 'சங்கம்' என்ற சொல்லுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் போய், "எந்தச் சங்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். "காமாட்சியம்மன்", "முருகன்", "அறிஞர் அண்ணா" என்று பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரைச் சொல்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "பையன் சங்கத்துல மெம்பரா?" என்று விசாரித்த காலம் உண்டு. ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஒரகடத்தில் அதே சொல் ஒரு தாயை நடுங்க வைக்கிறது. இதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

போன ஆடி மாதம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முன் கூடமே தறிக்கூடம். குழித்தறி. குழிக்குள் கால், மிதி மேல் பாதம். கோர்வைப் புடவை என்பதால் ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் வேறு வேறு நிறத்தில் இரண்டு நாடா. ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மனைவியின் தம்பி. ஒவ்வொரு இழைக்கும் கரையும் உடலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஓட்டை விழும். மனைவி வாசல்படியில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். முதல் நாள் மழை பெய்திருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் பாவு விரிக்க முடியாமல் வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?" என்று கேட்டேன்.

"அமாவாசைக்குத் தறி நிறுத்துவோம். ஞாயிறு திங்கள்லாம் தறிக்கு ஏதுங்க?" என்றார் கையை நிறுத்தாமல்.

மில் தொழிலாளிக்கு ஒரு கேட் இருந்தது. கேட்டுக்கு வெளியே ஆயிரம் பேர் கூடலாம். வீட்டுக்குள் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர் யாரோடு கூடுவார்? வேலை நேரத்துக்கு வரம்பு வைத்த 1948 தொழிற்சாலைச் சட்டம் அவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. பட்டும் ஜரிகையும் முதலாளியுடையது. கல்யாணத்துக்கோ பிரசவத்துக்கோ வாங்கிய முன்பணம் அவர் தலை மேல் உட்கார்ந்திருக்கும். முன்பணம் அடையும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது, கூலி போதாது என்று வாய் திறக்கவும் முடியாது. பக்கத்தில் நாடா தள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையை உட்கார வைத்ததும் இந்தக் கடனால்தான். நம் ஊர்ப் பட்டுத்தறிகளில் குழந்தைகள் வேலை பார்த்த அவலம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதை மாற்றப் பல வருடப் பாடு பட வேண்டியிருந்தது.

பிரகாஷ்ராஜ் நடித்து பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' படம் பார்த்திருக்கிறீர்களா? சிறந்த படத்துக்கும் சிறந்த நடிகருக்கும் தேசிய விருது வாங்கிய படம். மகளைப் பட்டுப் புடவையில் கல்யாணம் செய்து அனுப்ப ஆசைப்படும் ஒரு நெசவாளியின் கதை. சங்கம் கட்டப் போராடும் அதே மனிதர் மகளுக்காக இழை இழையாகப் பட்டைத் திருடுகிறார். பட்டு நெய்கிறவர் வீட்டில் பட்டு இல்லை என்பதைவிட அந்த மனிதரின் மன அவஸ்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த நிலையில் நெசவாளிக்குக் கிடைத்த வழிதான் கூட்டுறவு. இதன் பிறப்பிலும் நெசவாளிகள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர். 1844-ல் அங்கே நெசவாளர்களும் மற்ற தொழிலாளர்களுமாக 28 பேர் சிறுகச் சிறுகக் காசு சேர்த்து ஒரு சின்னக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி. கலப்படம் கிடையாது, எடைக் குறைவு கிடையாது, லாபம் உறுப்பினர்களுக்கே. உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தக் கடையைத்தான் தன் தாய்வீடு என்கிறது. அறுபது வருடம் கழித்து 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் வந்ததும், அந்த அக்டோபரிலேயே நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. எந்த ஊரில் தெரியுமா? நம் காஞ்சிபுரத்தில்! கோயிலுக்கும் பட்டுக்கும் ஊரைக் காட்டும் நாம், வெளியூர் விருந்தாளியிடம் இதையும் சொல்லலாமே.

கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் சங்கம் கொடுக்கிறது. புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி எழுதப்படுகிறது. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா சேமிப்பாகப் பிடிக்கிறார்கள், அரசு 4 பைசா போடுகிறது. தீபாவளிக்குப் போனஸ். நான் பார்த்த நெசவாளி ஒரு மஞ்சள் பையிலிருந்து தன் பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் சாயக்கறை. "பொண்ணு காலேஜ் பீஸு இதுலதான் கட்டினேன்" என்றார். கம்பெனி வேலைக்காரருக்கு பி.எஃப். என்றால் இவருக்கு அந்த மஞ்சள் பைதான்.

அண்ணாவும் இந்த நெசவாளர் ஊரில் பிறந்தவர்தான். 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் வீடுகளில் அடுப்பு அணைந்தபோது, அவரும் அவருடைய தோழர்களும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள்.

சங்கங்களில் எல்லாம் சரியாக நடக்கிறதா? அப்படிச் சொன்னால் நெசவாளர்களே என்னை மன்னிக்க மாட்டார்கள். விற்காத புடவை அலமாரியில் தேங்கினால் கூலி தள்ளிப் போகிறது. தறியே இல்லாதவர் உறுப்பினராக இருக்கிறார் என்று புகார் வருகிறது. பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறி என்று விற்கிறார்கள். சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985 சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, பிடிக்கிற கை வேண்டும். நான் பார்த்த அந்த வீட்டில் அடுத்த தலைமுறை தறியில் இல்லை. மகன் எங்கே என்று கேட்டேன். "ஒரகடம்" என்றார்கள்.

ஆமாம், பஸ் அங்கேதான் போகிறது. அதிகாலையில் காஞ்சிபுரம் தெருமுனைகளில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள்! அப்பா சங்கத்தில் மெம்பர், மகன் சங்கத்தில் சேரலாமா என்று தயங்குகிறான்.

2024 செப்டம்பரில் நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் தொழிற்சாலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சம்பளக் கோரிக்கையும் இருந்தது. ஆனாலும் பெரிய இழுபறி சங்கத்தைப் பதிவு செய்வதிலும் அங்கீகரிப்பதிலும்தான். கடைசியில் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அந்த வேலைநிறுத்தத்தில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று உங்கள் வீட்டிலேயே இரண்டு கருத்து இருக்கலாம். 1926-லேயே சட்டம் சொல்லிவிட்ட ஒரு பதிவுக்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்தும் பிள்ளைகள் ரோட்டோரம் உட்கார வேண்டியிருந்ததே என்பதுதான் என் வருத்தம்.

எல்லாவற்றுக்கும் ரோட்டில் உட்கார வேண்டும் என்பதும் கிடையாது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் ஒரு சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் ஒரே குரலில் எதிர்த்தன, ஆளும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள். அதில் எந்த அம்மாவின் மகனுக்கும் வேலை போகவில்லை. எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகவே இருக்கிறது.

இன்னொன்றும் நம் கண் முன்னால்தான் இருக்கிறது. காந்தி ரோடு பட்டுக் கடைகளில் நாம் மெத்தையில் உட்கார்ந்து ஐம்பது புடவை பிரித்துப் பார்க்கிறோம். எடுத்துப் போடும் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பாள். 'அங்காடித் தெரு' படம் பார்த்தபோது எத்தனை பேர் கண் கலங்கினோம்! கேரளத்தில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள், 2018-ல் அங்கே சட்டம் வந்தது. 2021-ல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று திருத்தம் செய்தது. அடுத்த முறை முகூர்த்தப் புடவை எடுக்கப் போகும்போது கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது நாள் ஸ்டூல் வந்துவிடும். கைத்தறி முத்திரை, சில்க் மார்க் இருக்கிறதா என்று கேட்கும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

உத்திரமேரூர் அம்மாவுக்கு இப்போது என்ன சொல்வது? முடிவு உங்கள் மகனுடையது. நீங்கள் தடுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நாலு இடத்தில் விசாரிப்போம் இல்லையா, அதுபோல அவனை விசாரிக்கச் சொல்லுங்கள். சங்கம் பதிவானதா, பதிவுக்கு மனுவாவது கொடுத்திருக்கிறார்களா? சந்தாவுக்கு ரசீது தருகிறார்களா? வரவு செலவை உறுப்பினர்கள் முன் வைப்பார்களா, நிர்வாகிகளுக்குத் தேர்தல் உண்டா? கான்ட்ராக்ட் பிள்ளைகளுக்காகவும் பேசுவார்களா? உள்ளே வேலை செய்யும் பெண்கள் கமிட்டியில் இருக்கிறார்களா? சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே பாயில் உட்காருகிறார்களா? பெரம்பூரை நினைத்துத்தான் இந்தக் கடைசிக் கேள்வியை எழுதினேன். பதில் திருப்தியாக இருந்தால் அவன் கையெழுத்துப் போடட்டும். அன்று ராத்திரி அவனுக்கு வயிறாரச் சோறு போட்டு, எப்படி நடந்தது என்று கேளுங்கள். வீட்டில் ஒருவர் கேட்கிறார் என்பதே பிள்ளைக்குப் பாதி தைரியம்.

எல்லா வாசகர்களிடமும் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் பழைய சங்கக் கார்டு, கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக், பின்னி மில் டோக்கன், ஏதாவது மே தின நோட்டீஸ் கிடக்கிறதா? ஒரு போட்டோ எடுத்து, அது யாருடையது, அவர் வீட்டில் அதைப் பற்றி என்ன சொல்வார் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம், தொலைந்தால் என்னால் தாங்க முடியாது. மே மாத இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்துக்கு அந்த மஞ்சள் பைக்காரரிடம் பாஸ்புக்கைப் போட்டோ எடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன். "அமாவாசையன்னிக்கு வாங்க, அன்னிக்குத்தான் கை காலியா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்